கடன் இறுகினா எங்க தட்டிப் பாக்கணும்: அறிகுறி பாத்துப் பிழை பிடிக்கிற வழி

திருகோணமலை டவுனுக்குள்ள சின்னக் கொமினிகேசன் கடை ஒண்டு நடத்துறன், போட்டோக்கொப்பி, டைப்பிங், ரீலோட், அவ்வளவு தான். ஆனா இந்தத் தொழில்ல இருந்தா ஊர்க் கடன் எல்லாம் கண்ணுக்கு முன்னால வரும், பாங்குக்குக் கடிதம் அடிக்க வாறாங்க, அடகுத் துண்டு கொப்பி எடுக்க வாறாங்க, லோயர் அனுப்பின நோட்டீசைக் கொண்டு வந்து "தம்பி இதுல என்ன எழுதிக்கிடக்கு" எண்டு கேக்கிறாங்க. முக்கால்வாசிப் பேர் வாறது நோட்டீஸ் வந்த பிறகு தான். அதுக்கு ரெண்டு மாசம் முதல் வந்திருந்தா ஒரு பக்கக் கடிதத்தோட முடிஞ்சிருக்கும் எண்டு மனசுக்குள்ள நினைப்பன், வாயால சொல்லுறதில்ல, வந்த ஆளை இன்னும் நோகடிச்சு என்ன பிரயோசனம்.

அதால அறிகுறி அறிகுறியா எழுதுறன், உங்களுக்கு எது பொருந்துதோ அந்த இடத்துக்கு நேரா போங்க. காச்சல் தலையில தெரியும், புண் காலில கிடக்கும், கடனும் அந்த மாதிரி தான், காசு முட்டுப்படுற இடம் வேற, பிழை தொடங்கின இடம் வேற.

எதையும் தொடுறதுக்கு முதல்

ஒரு தாள் எடுத்து இருக்கிற கடன் எல்லாத்தையும் எழுதுங்க. யாருக்கு, இண்டைக்கே முழுசா மூடுறதெண்டா எவ்வளவு, மாசம் எவ்வளவு கட்டுறீங்க, எத்தினையாம் திகதி, வட்டி எவ்வளவு, பிணைக்கு என்ன கிடக்கு, அதாவது நகையா காணி உறுதியா வாகனமா இல்லாட்டி ஒரு மனுசனா. மூடுற தொகையை நீங்களா மட்டுக்கட்டாதீங்க, பாங்குல கேட்டு எழுதுங்க, நாங்க நினைக்கிறதை விட அது எப்பவும் கூடத் தான் இருக்கும்.

ஆக்கள் எழுதாம விடுறதுகள் சிலது இருக்கு. முன்கூட்டியே எடுத்த சீட்டு, மிச்சத் தவணை எல்லாம் கடன் தான். கனடாவில இருக்கிற அண்ணன்ட வாங்கின மூண்டு லட்சம், அவர் கேக்க மாட்டார் எண்டு அது கடனில்லாமப் போகாது. முடக்குக் கடையில கொப்பியில எழுதி வாங்கின சாமான். ரெண்டு கடன் எண்டு சொல்லிக்கொண்டு வந்து உக்காந்த ஆள் எழுதி முடிக்கேக்க ஏழு வரி வந்ததையும் பாத்திருக்கிறன்.

இதை புருசனும் பெண்சாதியும் ஒண்டா இருந்து எழுதணும். சண்டை வரும். வரட்டும், ஏலத்துக்கு நோட்டீஸ் வந்த அண்டைக்கு வாற சண்டையை விட இது எவ்வளவோ சின்னது.

கையோட கிரிப் அறிக்கையும் எடுத்துப் பாருங்க, அதாவது கடன் தகவல் பணியகம், 1990ம் ஆண்டுச் சட்டத்துல வந்தது, பாங்குகளும் ஃபைனான்ஸ் கம்பனிகளும் நீங்க எடுத்த கடன், கட்டின முறை எல்லாத்தையும் அங்க குடுக்கிறாங்க. உங்கட அறிக்கையை நீங்களே காசு கட்டி எடுக்கலாம். சில பேருக்கு அங்க தான் தெரிய வரும், எப்பவோ மச்சானுக்கு வச்ச பிணைக் கையெழுத்து இன்னும் உயிரோட கிடக்கெண்டு.

இன்னொண்டு, தாள் எழுதின நாள்ல இருந்து புதுக்கடன் இல்ல. கீழ ஒரு இடத்தைத் தவிர எந்த அறிகுறிக்கும் இது பொது. பழைய கடன் ஆளை விழுத்துறது குறைவு, அதைக் கட்ட எடுக்கிற அடுத்த கடன் தான் விழுத்துது.

அறிகுறி: சம்பளம் வந்து பத்தாம் திகதிக்குள்ள கணக்கு வெறுமை

முதல்ல பாக்கவேண்டியது செலவை இல்ல, சம்பளத் துண்டை. அரசாங்க உத்தியோகம் எண்டா இடர் கடன், விழா முற்பணம், நலன்புரிச் சங்கம், பாங்க் லோன் எல்லாம் கையில வாறதுக்கு முதலே வெட்டுப்பட்டிருக்கும், ஆனா நாங்க வீட்டுல கணக்குப் பாக்கிறது மொத்தச் சம்பளத்தை வச்சு, "எனக்கு இவ்வளவு சம்பளம்" எண்டு சொல்லுற அந்தத் தொகை உங்களிட்ட எந்த மாசமும் வாறதே இல்ல. கையில வாற காசு தான் சம்பளம்.

பிறகு கடன் கட்டு மொத்தத்தையும் அதோட வச்சுப் பாருங்க. மூண்டில ஒரு பங்குக்கு மேல போகுதெண்டா சாப்பாட்டுச் செலவைக் குறைச்சு இதைத் திருத்த ஏலாது, டீயை நிப்பாட்டு, டேட்டாவைக் குறை எண்டு சொல்லுறதெல்லாம் அந்த இடத்துல சும்மா கதை. கடனைத் தான் தொடணும், ஒண்டை வித்து மூடணும், இல்லாட்டி காலத்தை நீட்டிக் கட்டைக் குறைக்கணும். நீட்டினா மொத்த வட்டி கூடும், அது தெரிஞ்சே செய்யணும்.

மூண்டில ஒண்டை விடக் குறைவா இருந்தும் பத்தாம் திகதிக்கே முடியுதெண்டா அப்ப தான் செலவு. அதுக்கு ஒரு மாசம் எழுதிப் பாத்தா காணும், அனேகமா ஒண்டு ரெண்டு இடம் தான் இருக்கும், சாமத்திய வீடு கலியாண வீட்டுக் கவர், இல்லாட்டி பொடியன்ட மோட்டர் சைக்கிள்.

அறிகுறி: சீசன்ல கை நிறையக் காசு, மாரியில கடன்

இது எங்கட ஊருக்கே உரிய வருத்தம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வாறது மே மாசத்துல இருந்து செப்டம்பர் மட்டும் தான் நல்லா இருக்கும், பிறகு வாடைக்காத்து தொடங்கினா நவம்பர், டிசம்பர், ஜனவரி கடல் கொந்தளிப்பு, போட் ஓடாது, ரூம் போகாது, மீன்பிடிக்காரருக்கும் அந்த நாள்ல தொழில் அடிபடும். தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் வயல் செய்யிறாக்களுக்கு இதே கதை வேற மாசத்துல, பெரும்போக நெல்லு வெட்டினாத் தான் காசு, அது மட்டும் உரமும் எண்ணெயும் கடனுக்கு.

ஆனா பாங்குக்கு மாரி கோடை தெரியாது, மாசா மாசம் கட்டணும். பிழை இந்த இடத்துல தான். வருமானம் வருசத்துக்கு ஒருக்கா ரெண்டு தரம் குவியலா வருது, கட்டு மட்டும் பன்னிரண்டு துண்டாப் போகுது, ஆகஸ்ட் மாசம் கையில காசைக் கண்டு மேல ஒரு ரூம் எழுப்புறம், சோலர் போடுறம், புதுசா போட் எஞ்சின் லீசிங்ல எடுக்கிறம், டிசம்பர்ல அந்த எஞ்சினுக்குக் கட்ட நகை அடகுக்குப் போகுது.

திருத்துற விதம், ஒரு வருசத்து வரவைக் கூட்டிப் பன்னிரண்டால பிரியுங்க, வாறது தான் உங்கட சம்பளம், சீசன்ல எவ்வளவு வந்தாலும் வீட்டுக்கு அதை மட்டும் எடுங்க. மிச்சம் வேற பாங்குல, ஏடிஎம் கார்ட் எடுக்காத கணக்குல. மாரிக்கு முதல் நாலு மாசக் கடன் கட்டு அந்தக் கணக்குல நிக்கணும், அது நிண்ட பிறகு தான் ரூம் எழுப்புற கதை.

புதுசா லோன் கேக்கேக்க "எனக்குச் சீசன் தொழில், கட்டை அதுக்கேத்த மாதிரி போட்டுத் தாங்க" எண்டு வாயைத் திறந்து கேளுங்க. எல்லா இடமும் தராது, ஆனா பயிர்ச்செய்கைக் கடனை அறுவடைக்கு ஏத்த மாதிரித் தானே குடுக்கிறாங்க, கேக்காம இருந்தா ஒருத்தரும் தரப் போறதில்ல.

மீன்காரருக்கு ஒரு சொல்லு. முதலாளியிட்ட முற்பணம் வாங்கினா வட்டி இல்லை எண்டு நினைக்கிறது பிழை. பிடிக்கிற மீனை அவருக்குத் தான் குடுக்கணும், விலையும் அவர் சொல்லுறது தான். கிலோவுக்கு ஐம்பது ரூபா குறைச்சு எடுக்கிறாரெண்டா அந்த ஐம்பது தான் வட்டி, ஒரு மாசம் எவ்வளவு மீன் குடுத்தீங்க எண்டு பெருக்கிப் பாருங்க, பாங்க் லோன் மலிவாத் தெரியும். நெல்லுக்கு முற்பணம் குடுக்கிற மில்காரருக்கும் இதே கணக்கு.

அறிகுறி: ஒரு கிழமைக் கடனைக் கட்ட இன்னொரு கிழமைக் கடன்

செவ்வாய்க்கிழமை ஒரு நுண்கடன் கம்பனிக் கூட்டம், வியாழக்கிழமை இன்னொண்டு, ஒரு குழுவுல அஞ்சு ஆறு பொம்பிளைகள், ஒருத்தி கட்டாட்டி மற்றவங்கள் போட்டுக் கட்டணும், கட்டும் மட்டும் ஒருத்தரும் எழும்பிப் போக ஏலாது. இந்தக் கடன் எடுத்தாக்களைப் பாத்து "ஏன் எடுத்தீங்க" எண்டு கேக்கிறது லேசு. யுத்தம் முடிஞ்ச ஊர், பாங்குக்குப் போனா உறுதி கேக்கிறான், சம்பளத் துண்டு கேக்கிறான், இவன் வீட்டு வாசலுக்கே வந்து தாறான். ரெண்டு கடன் இருக்கெண்டு தெரிஞ்சு மூண்டாவதைக் குடுத்தவனுக்கும் பிழையில பங்கிருக்கு. 2018ல அரசாங்கமே வறட்சி பட்ட 12 மாவட்டத்துல பொம்பிளைகள் எடுத்த ஒரு லட்சம் வரையான நுண்கடனுக்குத் தள்ளுபடித் திட்டம் கொண்டு வந்தது, அதுல திருகோணமலையும் இருந்தது. ஒரு மாவட்டத்துப் பொம்பிளைகள் எல்லாருக்கும் ஒரே நேரத்துல புத்தி கெட்டுப் போறதில்லையே.

எண்டாலும் கையெழுத்து எங்கட கையெழுத்து, அதால கணக்கு எங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒரு லட்சம், 52 கிழமை, வட்டி 24 வீதம் எண்டு சொல்லுவாங்க. மொத்தம் 124,000, கிழமைக்கு 2,385 ரூபா வரும். கேக்க நல்லா இருக்கு. ஆனா ஒவ்வொரு கிழமையும் வாங்கின காசுல ஒரு பங்கைத் திருப்பிக் குடுத்துக்கொண்டே இருக்கிறீங்க, பாதி வருசம் போனா அந்த லட்சத்துல பாதி கூட உங்களிட்ட இல்ல, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் போட்டுக் கிடக்கு. குறையிற மிச்சத்துக்குக் கணக்குப் பாத்தா அந்த 24 வீதம் உண்மையில கிட்டத்தட்ட 44 வீதம். காசு தரேக்கயே டொக்கியூமென்ட் சார்ஜ், காப்புறுதி எண்டு கழிச்சா இன்னும் மேல. அதால "என்ன வட்டி" எண்டு மட்டும் கேக்காதீங்க, "குறையிற மிச்சத்துக்கா, முழுத் தொகைக்கா" எண்டும் கேளுங்க. அந்தக் கேள்வியோட சில உத்தியோகத்தர் முகம் மாறுறதைப் பாக்கலாம்.

உள்ள மாட்டின பிறகு என்ன செய்யிறது? சின்னக் கடன் ஒண்டை முதல்ல மூடுங்க, அது மூடினா ஒரு கிழமைக்கூட்டம் குறையும், அந்தக் காசு அடுத்ததுக்குப் போகும். வட்டி கூடினதை முதல்ல மூடுறது தான் கணக்குப்படி சரி, ஆனா கிழமைக்கு மூண்டு தரம் வாசல்ல ஆள் வந்து நிக்கிற வீட்டுல மூச்சு விட இடம் வேணும், அதால இந்த ஒரு அறிகுறிக்கு மட்டும் சின்னதை முதல் எண்டு சொல்லுவன். குழுவுல இருக்கிற மற்றவங்களுக்கு முதலே சொல்லுங்க, கூட்டத்து அண்டைக்கு ஒளிஞ்சா உங்கட கடன் மட்டுமில்ல பக்கத்து வீட்டு உறவும் போயிடும். கிழமைக் கடன் எடுக்கிறதுக்கு முதல் சனச சங்கம், சமுர்த்தி வங்கி, கூட்டுறவுக் கிராமிய வங்கி இந்த மூண்டு வாசலையும் தட்டிப் பாத்தீங்களா எண்டு கேட்டா அனேகம் பேர் இல்லை எண்டு தான் சொல்லுறாங்க. மெதுவாத் தான் தருவாங்க, அங்கத்துவம் வேணும், ஆனா வட்டி குறைவு.

அறிகுறி: அடகு வச்ச நகை வீட்டுக்கு வாறதே இல்ல

வருசா வருசம் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறது, பவுண் விலை ஏறினா "மேலதிகமாக் காசு எடுக்கலாம்" எண்டு பாங்க் பிள்ளை சொல்லும், எடுத்திடுவம். விலை ஏறினது உங்கட லாபம் எண்டு தோணும், உண்மையில கடன் தான் ஏறினது. பவுண் மூண்டு லட்சம் தாண்டின பிறகு இந்தக் கோளாறு கூடிப்போச்சு.

இதுல நான் கொஞ்சம் கடுமையாச் சொல்லுவன், ரெண்டு தரம் திருப்பி வச்ச நகையை மீட்கிற வழி தெரியாட்டி அதுல ஒரு சாமானை வித்து மற்றதை மீட்டுக்கொண்டு வாங்க. தாலிக்கொடியை விக்கச் சொல்லேல்ல, காப்பு ஒரு சோடி. அம்மா போட்ட நகை எண்டு விக்க மனம் வராது, சரி, ஆனா ஏலத்துல போனா அந்த நகையும் இல்ல, யார் கழுத்துல கிடக்கெண்டும் தெரியாது. விக்கிறதெண்டா விலை நீங்க பேசலாம், மூண்டு கடை ஏறி இறங்கலாம்.

அடகுத் துண்டை ஃபோன்ல படம் எடுத்து வைங்க, முடிவுத் திகதிக்கு ஒரு மாசம் முதல் அலாரம் போடுங்க. விலாசம் மாறினா பாங்குக்கு அறிவிக்கணும், பழைய வீட்டுக்குப் போன ஏலக் கடிதத்தை ஒருத்தரும் உங்களுக்குக் கொண்டு வந்து தர மாட்டாங்க.

அறிகுறி: கிரெடிட் கார்டுக்குக் கட்டுறன், மிச்சம் அசையுதில்ல

ஆகக்குறைஞ்ச கட்டை மட்டும் கட்டுறீங்க. ஒரு லட்சம் மிச்சம், வருச வட்டி 28 வீதம் எண்டு வச்சுக்கொண்டா மாச வட்டி மட்டும் 2,333 ரூபா. அஞ்சு வீதம், அதாவது 5,000 கட்டினா பாதி கிட்ட வட்டிக்குப் போயிட்டு. அதுல திரும்ப மூவாயிரத்துக்குச் சாமான் வாங்கினா நிண்ட இடத்துல தான் நிப்பீங்க, அதோட மிச்சம் இருக்கும் மட்டும் புதுசா வாங்குற சாமானுக்கும் வட்டி இல்லாத நாள் கிடைக்காது. கார்டால ஏடிஎம்ல காசு எடுத்தா எடுத்த நாள்ல இருந்தே வட்டி.

கார்டை வெட்டுங்க, மிச்சத்தைத் தவணையா மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க. வேற வழி தேடி மினக்கெடாதீங்க.

அறிகுறி: கட்டுற தொகை திடீரெண்டு ஏறிட்டு

லோன் பத்திரத்துல வட்டி மாறும் எண்டு ஒரு வரி இருந்திருக்கும், வாசிச்சிருக்க மாட்டம். 2022 ஏப்ரல் 8ம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாள்ல 7 வீதப் புள்ளி ஏத்தினது ஞாபகம் இருக்கும், அதுக்குப் பிறகு வீட்டுக் கடன் எடுத்த எத்தினையோ பேர் கட்டு ஏறி முழிச்சாங்க. அது உங்கட பிழை இல்ல. ஆனா 2023ல இருந்து வட்டி இறங்கத் தொடங்கின பிறகும் பழைய வீதத்துலயே கட்டிக்கொண்டு இருந்தா அதைக் கேக்கிறது உங்கட வேலை. "என்ட கடனுக்கு இண்டைக்கு என்ன வீதம், புதுசா வாற ஆளுக்கு என்ன வீதம்" எண்டு எழுத்துல கேளுங்க, இறக்கித் தாங்க எண்டும் அதே கடிதத்துல எழுதுங்க.

அறிகுறி: ஓட்டோ லீசிங் ரெண்டு மாசம் நிண்டுட்டு, ஃபோன் வந்துகொண்டே இருக்கு

ஃபோனை எடுங்க. இது தான் முதல் படி, இதைத் தான் ஒருத்தரும் செய்யிறதில்ல. நம்பரை புளொக் பண்ணினா அவங்களிட ஃபைல்ல "தொடர்பு இல்லை" எண்டு விழும், அதுக்குப் பிறகு ஓட்டோவைத் தேடி ஆள் வருவான். லீசிங் முடியும் மட்டும் உண்மையான சொந்தக்காரர் கம்பனி தான், உங்கட பேர் பதிவுல மட்டும், அதை மறந்து "என்ட ஓட்டோவை எப்பிடித் தூக்குவான்" எண்டு கோவப்படுறதுல பலனில்ல. தூக்கி வித்துப்போட்டு விலை காணாட்டி மிச்சத்தையும் உங்களிட்ட தான் கேப்பாங்க, வண்டி போனா கடனும் போச்செண்டு நினைக்கிறது பெரிய பிழை.

மூண்டாவது மாசம் பிறக்கிறதுக்கு முதல் நீங்களாப் போங்க, கையில கடிதத்தோட. கடிதத்துல என்ன இருக்கணும்: லோன் இலக்கம், ஏன் நிண்டது எண்டு ரெண்டு வரி (கதை எழுதாதீங்க, "கடும் கஷ்டம்" எண்டு நாலு பந்தி எழுதினா ஒருத்தரும் வாசிக்கிறதில்ல, "காலில ஒப்பரேசன், ஆறு கிழமை ஓடேல்ல, ஆஸ்பத்திரித் துண்டு இணைச்சிருக்கு" எண்டா காணும்), இப்ப எவ்வளவு கட்ட ஏலும், எந்த மாசத்துல இருந்து முழுசா ஏலும், நிண்ட தவணையைக் கடைசியில சேர்க்கச் சொல்லுறீங்களா இல்லாட்டி காலம் நீட்டச் சொல்லுறீங்களா. தமிழ்ல எழுதலாம். ரெண்டு கொப்பி, ஒண்டுல திகதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வாங்க. வெறும் கையோட போகாதீங்க, அஞ்சாயிரம் எண்டாலும் கட்டிப்போட்டுக் கதைச்சா அந்தப் பக்கத்துல கதைக்கிற விதமே வேற.

ஏலுற தொகையை விடக் கூடச் சொல்லிப்போட்டு வாறது இன்னொரு கோளாறு, வெக்கத்துல மாசம் முப்பதாயிரம் தருவன் எண்டு சொல்லி ஒரு மாசத்துல முறிஞ்சா ரெண்டாந்தரம் நம்ப மாட்டாங்க. பதினெட்டு ஏலுமெண்டா பதினேழு எண்டு சொல்லுங்க.

கிளையில பதில் இல்லாட்டி தலைமை அலுவலகத்துக்கு முறைப்பாடு, அதுவும் சரிவராட்டி மத்திய வங்கியின்ட நிதி நுகர்வோர் தொடர்புத் திணைக்களம், இலக்கம் 1935. மத்திய வங்கிக்குத் திருகோணமலையிலயே பிராந்திய அலுவலகம் இருக்கு, கொழும்புக்கு அலையத் தேவையில்ல. முத்திரை குத்தின கொப்பி வாங்கச் சொன்னேனே, அது இங்க தான் உதவும்.

அறிகுறி: சொந்தக்காரர் பிணைக்குக் கையெழுத்துக் கேட்டு வந்து நிக்கிறார்

"சும்மா ஒரு ஃபோர்மாலிட்டி தான் மாமா" எண்டு தான் சொல்லுவாங்க. பிணைப் பத்திரத்துல அனேகமா ஒரு வரி கிடக்கும், கடன் எடுத்தவனிட்ட முதல்ல போகாம நேரா உங்களிட்டயே அறவிடலாம் எண்டு அதுக்கு அர்த்தம். உங்கட கிரிப்லயும் விழும், நாளைக்கு உங்கட மகளுக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போகேக்க தடக்கும்.

எனக்கு ஒரே ஒரு அளவு தான் இருக்கு: அந்தக் கடனை நானே கட்டவேண்டி வந்தா கட்டுவனா, கட்டின பிறகும் இவரோட கதைப்பனா. ரெண்டுக்கும் ஓம் எண்டா வைங்க. இல்லாட்டி, "வீட்டுல எல்லாக் கையெழுத்தும் ரெண்டு பேரும் சேந்து தான், அவ ஒத்துக்கொள்ளேல்ல" எண்டு மனுசியில பழியைப் போடுங்க, எங்கட மனுசிமார் அதைத் தாங்குவாங்க.

வெறும் செக் குடுக்கிறதும் இதுல சேர்த்தி. தொகை எழுதாமக் கையெழுத்து வச்ச செக்கை வட்டிக்காரரிட்ட குடுத்தா, தொகையை எழுதுறது அவர். நூத்துக்கு பத்து எண்டு மாச வட்டிக்கு எடுத்தா வருசத்துக்கு 120 வீதம், பத்து மாசத்துல வாங்கின காசளவு வட்டியாப் போயிடும், முதல் அப்பிடியே நிக்கும். அவசரத்துக்கு எடுத்திட்டீங்கெண்டா மேல சொன்ன தாளில முதல் வரி அது தான், நகையை பாங்குல அடகு வச்செண்டாலும் அதை முதல் மூடுங்க. பழைய கடனுக்காகப் புதுக்கடன் எண்டு நான் சொல்லுற ஒரே இடம் இது.

அறிகுறி: ஃபோன்ல ஒரு அப்ல லோன் எடுத்தது, இப்ப சொந்தக்காரருக்கெல்லாம் மெசேஜ் போகுது

இன்ஸ்டோல் பண்ணேக்க கொண்டாக்ட்ஸ் பாக்க அனுமதி கேட்டது, ஓம் எண்டு அமத்தினீங்க. அனுமதியை செட்டிங்ல போய் நிப்பாட்டுங்க, வந்த மெசேஜ் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்க, மிரட்டல் எண்டா பொலிசுக்குப் போங்க. லோன் தாறதுக்கு முதல் "பதிவுக் காசு" கேக்கிறவன் லோன் தர மாட்டான், ஓடிபி கேக்கிறவனும் அந்தச் சாதி தான்.

அறிகுறி: கடன் அடைக்க வழியெண்டு ஒருத்தர் ஒரு திட்டம் சொல்லுறார்

ஹோட்டல் ஹோல்ல கூட்டம், கோட் போட்ட பொடியன், நீங்க ரெண்டு பேரைச் சேர்த்தா அவங்கள் நாலு பேரைச் சேர்ப்பாங்க. ஆள் சேர்க்கிறதால காசு வாற திட்டம் வங்கிச் சட்டம் 83C பிரிவுல தடை, கொண்டு வாறது மட்டுமில்ல, ஆள் சேர்க்கிறதும் குற்றம், அதால நீங்க கூட்டிக்கொண்டு போற தங்கச்சிக்காரிக்கு நீங்க தான் பதில் சொல்லணும். மாசம் அஞ்சு வீதம் லாபம் எண்டு வைப்புக் காசு வாங்குறவனையும் மத்திய வங்கி அனுமதிப் பட்டியல்ல தேடிப் பாருங்க. அனுமதி உள்ள பாங்கோ ஃபைனான்ஸ் கம்பனியோ முறிஞ்சா வைப்புக் காப்புறுதியில ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்துல 1,100,000 ரூபா வரைக்கும் பாதுகாப்பு இருக்கு, மற்றவனிட்ட போட்டா அவன்ட ஃபோன் நம்பர் மட்டும் தான் மிஞ்சும்.

அறிகுறி: கட்டி முடிச்சிட்டன், இன்னும் கடன் இருக்கெண்டு வருது

கடைசித் தவணை கட்டின சந்தோசத்துல ரசீதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருப்பீங்க. முடிஞ்சதெண்டு கடிதம் தனியாக் கேட்டு எடுக்கணும். கணக்குல இருந்து தானா வெட்டுற ஓடரை நிப்பாட்டச் சொல்லணும், இல்லாட்டி அடுத்த மாசமும் வெட்டும். லீசிங் எண்டா வண்டிப் பதிவுல கம்பனிப் பேரை எடுத்து முழுசா உங்கட பேருக்கு மாத்தணும், காணி எண்டா ஈட்டை நீக்கின பத்திரம் காணிப் பதிவகத்துல பதியணும். உறுதியைத் திருப்பி வாங்குங்க, குடுத்த செக் எல்லாம் எண்ணி வாங்குங்க, பிணைக்கு நிண்ட ஆளுக்கும் முடிஞ்ச கடிதத்துல ஒரு கொப்பி குடுங்க. அதுக்குப் பிறகும் கிரிப்ல பிழையா நிண்டா கடன் தந்த பாங்குக்குத் தான் எழுதணும், திருத்தி அனுப்பவேண்டியது அவங்கள். கடிதம் அடிக்க வாறதெண்டா பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாங்க, காலமையில பள்ளிக்கூடப் பிள்ளைகளிட போட்டோக்கொப்பி வேலை.